சின்ன வயிற்றுக்குள் 65 கிராம் புரதம்: எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு எவ்வளவு, எப்படி?

அக்காவுக்கு ஸ்லீவ் அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும் எடைக்குறைப்பு அறுவை) முடிந்து நான்காம் வாரம், கூழாக மசித்த சாப்பாடு தொடங்கலாம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ‘புரதம்: ஒரு நாளைக்கு 65 கிராம்’ என்று ஒரு வரி. அம்மா அதைப் படித்துவிட்டு, கடைக்குப் போய் சின்னத் தராசு ஒன்றை வாங்கிவந்து, 65 கிராம் பாசிப்பருப்பைத் துல்லியமாக நிறுத்து, குழைய வேகவைத்துக் கடைந்து, நாள் முழுக்க இரண்டு கரண்டி மூன்று கரண்டியாக அக்காவுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்து முடித்தார். ‘இன்னைக்கு கணக்கு சரியா போச்சு’ என்று ராத்திரி நிம்மதியாகச் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்த 65 கிராம் பருப்பில் இருந்த புரதம் ஏறக்குறைய 15 கிராம். அதாவது தேவையில் கால் பங்குகூட இல்லை.

எங்கள் வீட்டில் யாருக்கும் இது மூன்று மாதம் வரை தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அறுவை செய்துகொண்டவர்களுக்கு, செய்யப் போகிறவர்களுக்கு, இவர்களைவிட முக்கியமாக, அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கு. நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரும் டயட்டீஷியனும் உங்களுக்கென்று ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் எண். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், அது எங்கிருந்து வருகிறது, நம் வீட்டுச் சமையலில் அதை எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த ‘கிராம்’ குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். புரதம் என்பது உணவுக்குள் இருக்கும் ஒரு பகுதி. பருப்பை எடுத்தால் அதில் மாவுச்சத்து இருக்கிறது, நார் இருக்கிறது, கொஞ்சம் ஈரம் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. வேகாத பருப்பு 100 கிராமில் புரதம் 22 முதல் 24 கிராம். அதையே வேகவைத்தால் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெரிதாகிவிடும் இல்லையா, அப்போது 100 கிராம் கெட்டிப் பருப்பில் 7 கிராம்தான் வரும். ஒரு முட்டையின் எடை 50 கிராம், அதில் புரதம் 6 கிராம், அதிலும் பாதிக்கு மேல் வெள்ளைக்கருவில். ஒரு தம்ளர் பால், 200 மில்லி என்றால் 6 கிராமுக்குச் சற்று மேலே. பன்னீர் 100 கிராமுக்கு 18 முதல் 20. சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமுக்கு 30, சமைத்த மீன் 20 முதல் 22. தராசு இல்லாத நேரத்தில் தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தீப்பெட்டி அளவு சமைத்த மீன் துண்டோ கோழித் துண்டோ சுமாராக 7 கிராம் புரதம் தரும்.

இட்லி? ஒன்றுக்கு 2 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு இரண்டரை. ரசத்தில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. சாம்பாரில் அடியில் கிடக்கும் பருப்பில் இருக்கிறது, மேலே தெளிந்த தண்ணீரில் இல்லை, ஆனால் உடம்பு சரியில்லாதவர்களுக்கு நாம் வழக்கமாக எதை ஊற்றுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள், அந்தத் தெளிவைத்தான்.

சரி, 65 என்ற எண் எங்கிருந்து வந்தது?

சாதாரண ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் அளவில் வரும். எடைக்குறைப்பு அறுவை செய்தவர்களுக்கு இது போதாது. அமெரிக்காவில் உடல்பருமன் அறுவை மருத்துவர்களின் சங்கமும் இன்னும் சில மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து 2019-இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், குறைந்தது தினமும் 60 கிராம், அதிலிருந்து ஒரு கிலோ ‘சரியான எடை’க்கு ஒன்றரை கிராம் வரை என்று இருக்கிறது. சிலருக்குத் தேவையைப் பார்த்து இதற்கு மேலும் போகலாம், அதை டாக்டர்தான் முடிவு செய்வார். குடலின் பெரும்பகுதியைத் தொடாமல் சாப்பாட்டைச் சுற்றிப் போகவிடும் பெரிய வகை அறுவைகளில் உடம்பு கிரகிப்பதே குறைந்துவிடும் என்பதால் அவர்களுக்கு எண் 80, 90 என்று ஏறும்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘சரியான எடை’. அறுவைக்கு முன் அக்கா 108 கிலோ. அதை வைத்துப் பெருக்கினால் பயமுறுத்தும் கணக்கு வரும். கொழுப்புத் திசுவுக்குப் புரதம் அவ்வளவாகத் தேவைப்படாது, தசைக்கும் உறுப்புகளுக்கும்தான் தேவை, அதனால் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். தோராயமாக, சென்டிமீட்டரில் உங்கள் உயரத்திலிருந்து 100-ஐக் கழியுங்கள். அக்கா 158 சென்டிமீட்டர், ஆக 58 கிலோ. ஒன்றால் பெருக்கினால் 58, ஒன்றரையால் பெருக்கினால் 87. இதற்கு நடுவில், எட்டிப்பிடிக்கக்கூடிய இடமாகப் பார்த்து 65 என்று எழுதியிருந்தார்கள். குள்ளமானவர்களுக்கு இந்தக் கணக்கு 60-க்குக் கீழே போனாலும் 60-ஐக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வார்கள்.

எடை குறையத்தானே அறுவை செய்தோம், பிறகு ஏன் இவ்வளவு சாப்பிடச் சொல்கிறார்கள் என்று எங்கள் சித்தி கேட்டார். நியாயமான கேள்விதான். முதல் சில மாதங்களில் உடம்புக்குள் போகும் சாப்பாடு மிகக் குறைவு, எனவே உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. கொழுப்பைச் செலவழித்தால் நல்லது, அதற்குத்தான் இவ்வளவும். ஆனால் புரதத்தின் வேலையைக் கொழுப்பு செய்ய முடியாது. நம் உடம்பு ஒவ்வொரு நாளும் 250 முதல் 300 கிராம் புரதத்தை உடைத்து மறுபடியும் கட்டுகிறது. உடைந்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்தினாலும் கொஞ்சம் வீணாகும், அந்தக் குறையை நாம் சாப்பிட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். கொழுப்பைச் சேர்த்து வைப்பதற்கு இடம் இருப்பதுபோல் புரதத்துக்குத் தனிக் கிடங்கு கிடையாது. சாப்பாட்டில் வராவிட்டால் தொடையிலிருந்தும் தோளிலிருந்தும் முதுகிலிருந்தும் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

தராசில் ஏறினால் எடை குறைந்திருக்கும், சந்தோஷமாக இருக்கும். குறைந்தது கொழுப்பா தசையா என்று தராசு சொல்லாது. அக்கா இரண்டாம் மாதத்தில் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்று சொன்னாள். 15 கிலோ குறைந்திருந்தாள், முன்பைவிட எழுவது சுலபமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? தசை போய்விட்டால் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தியும் குறையும், பின்னாளில் எடை திரும்ப ஏறுவதற்கு அது ஒரு வழி திறந்துவிடும். அறுவைக் காயம் ஆறுவதற்கும், கிருமிகளை எதிர்ப்பதற்கும், முடிக்கும் நகத்துக்கும் எல்லாவற்றுக்கும் அதே புரதம்தான்.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், கொள்ளளவு 100 முதல் 150 மில்லி, ஒரு காபித் தம்ளர் அளவு. பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு அறுவையில் இரைப்பையில் செய்யும் பை இன்னும் சின்னது, தொடக்கத்தில் 30 மில்லி, இரண்டு மேசைக்கரண்டி. ஸ்லீவில் எடுத்துவிடும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது, அதுவும் போய்விடுவதால் பசியே எடுக்காது. காலையில் எதுவும் சாப்பிடாமல் 12 மணி வரை இருந்துவிட்டு ‘மறந்துட்டேன்’ என்று அக்கா சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. நிஜமாகவே மறந்துவிடும். இரைப்பை அமிலமும் குறைவாகச் சுரப்பதால் கெட்டியான கறி மாதிரியானவை முதலில் சிரமப்படுத்தும். ஆக, இடம் சிறியது, பசி இல்லை, சீரணமும் மெதுவாக, ஆனால் உள்ளே போக வேண்டியது முன்னைவிட அதிகம். இந்த முரணுக்கு நடுவில்தான் நாம் சமைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் மாதம் சீப்பில் முடி கொத்தாக வந்தது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டயட்டீஷியன் அம்மா எந்த ரிப்போர்ட்டையும் பார்ப்பதற்கு முன், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ‘நேத்து காலையில எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க’ என்றார். பருப்புக் கடைசல் திகட்டிப்போய் நாங்கள் அப்போது இட்லி, கஞ்சி என்று மாறியிருந்தோம். காலையில் ஒன்றரை இட்லியும் சாம்பாரும், 4 என்று எழுதினார். பதினோரு மணிக்கு மோர் விட்ட கேழ்வரகுக் கஞ்சி, 3. மதியம் குழைய மசித்த ரசம் சாதம் அரைக் கிண்ணம், 2. ஒரு முட்டை, 6. சாயந்திரம் பால் டீயும் இரண்டு பிஸ்கட்டும், 4. ராத்திரி அரைக் கிண்ணம் தயிர் சாதம், 4. கோடு போட்டுக் கூட்டினார். 23.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘நாள் பூரா ஏதாவது குடுத்துக்கிட்டேதான இருக்கேன்’ என்றார். ‘ஆமாம்மா, குடுத்துக்கிட்டேதான் இருக்கீங்க, எல்லாம் சோறும் கஞ்சியுமா போகுது’ என்று அவர் மெதுவாகச் சொன்னார். அதில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கஞ்சியும் ரசம் சாதமும்தான் கொடுக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். காய்ச்சலுக்கு அது சரி. இந்த அறுவைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

முடி விஷயத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புரதம் சரியாகச் சாப்பிட்டாலும் இந்த அறுவைக்குப் பிறகு மூன்றாம் மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பலருக்கு முடி கொட்டத்தான் செய்யும். அறுவையும் வேகமான எடை இழப்பும் உடம்புக்கு ஓர் அதிர்ச்சி, அதனால் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய் உதிர்கின்றன, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். புரதமோ இரும்புச்சத்தோ துத்தநாகமோ குறைவாக இருந்தால் அது கூடும், நீளும். எனவே முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை வாங்கி விழுங்குவதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள். (பயோட்டின் அதிக அளவில் எடுத்தால் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே தப்பாகக் காட்டும், டெஸ்ட் எடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.)

தட்டைத் திருப்பிப் போடுவது

நம் சாப்பாட்டின் அமைப்பு இப்படி: நடுவில் சோறு, ஓரத்தில் தொட்டுக்கொள்ள கொஞ்சம் மீனோ கூட்டோ. முதலில் சாம்பார், அப்புறம் ரசம், கடைசியில் மோர், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். 100 மில்லி வயிற்றுக்கு இந்த வரிசை ஆகாது. நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிரம்பிவிடும், மீன் தட்டிலேயே கிடக்கும். அதனால் டயட்டீஷியன் எங்களுக்குச் சொன்ன முதல் விஷயம்: தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. மீனை எடுத்து முடித்த பிறகுதான் சோற்றில் கை வைக்க வேண்டும். அம்மாவுக்கு இது ஜீரணமாகவே ஒரு மாதம் ஆனது. வெறும் மீனை எப்படிச் சாப்பிடுவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ‘இந்தாம்மா, ரெண்டு வாய் சோறாவது வச்சுக்கோ’ என்பது அவருடைய பாசம், அதைத் தடுக்கிறவனாக நான் நின்றது கஷ்டமாகத்தான் இருந்தது.

சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். கூடவே குடித்தால் புரதத்துக்கான இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், சிலருக்குக் குமட்டும். அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடவும் கூடாது, இடைப்பட்ட நேரத்தில் மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20, 30 நிமிடம் எடுத்துக்கொண்டு நன்றாக மென்று சாப்பிட வேண்டும், போதும் என்று நெஞ்சுக்குக் கீழே ஓர் அழுத்தம் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் வாந்திதான்.

65-ஐ மூன்று வேளையில் திணிக்க முடியாது. ஐந்தாறாகப் பிரித்தால் முடியும். நான்காம் மாதத்திலிருந்து அக்காவின் ஒரு நாள் ஏறக்குறைய இப்படி ஆனது. காலை ஆறரைக்கு 150 மில்லி வெதுவெதுப்பான பாலில் அரைக் கரண்டி (டப்பாவுக்குள் வரும் அளவுக் கரண்டியில்) புரோட்டீன் பவுடர், அது 17 கிராம். ஒன்பது மணிக்கு ஒரு முழு முட்டை, இன்னொரு முட்டையின் வெள்ளைக்கரு, அரை இட்லி, 10. பதினொன்றரைக்குக் கட்டித் தயிர் ஒரு சின்னக் கிண்ணம், 5. மதியம் 50 கிராம் மீன், இரண்டு மூன்று கரண்டி கெட்டிப் பருப்பு, கடைசியில் ஒரு கரண்டி சோறு, 14. நாலரைக்கு மசித்த கொண்டைக்கடலைச் சுண்டலோ கொஞ்சம் பன்னீரோ, 5. இரவு ஏழரைக்கு வேகவைத்து மசாலா பிரட்டிய கோழி 40 கிராம், ஒரு துண்டு தோசை, 12. கூட்டினால் 63. ஒரு நாள் 58 வரும், ஒரு நாள் 68 வரும். வாரத்தின் சராசரி பக்கத்தில் நின்றால் போதும் என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

சமையலில் எங்களுக்குக் கைகொடுத்த சில வேலைகளைச் சொல்கிறேன். நாங்கள் தூத்துக்குடி, மீனுக்குப் பஞ்சமில்லை. கிழங்கா மீனை மஞ்சள், உப்பு போட்டு ஆவியில் வேகவைத்து, முள் ஒன்றுகூட இல்லாமல் உதிர்த்து, சின்ன வெங்காயத்தோடு கொஞ்சமாக எண்ணெய் விட்டுப் புட்டு மாதிரி கிளறி, மேலே இரண்டு கரண்டி குழம்பு ஊற்றி ஈரமாக்கிக் கொடுத்தால் தொண்டையில் நிற்காமல் இறங்கும். ஈரம் முக்கியம். கோழி நெஞ்சுக்கறியில் புரதம் அதிகம்தான், ஆனால் காய்ந்துபோனால் நார் நாராகி அடைத்துக்கொள்ளும், முதல் முறை அக்கா அதில் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு நாங்கள் தொடைக்கறிக்கும் கொத்துக்கறிக்கும் மாறிவிட்டோம். முட்டை அவித்துக் கொடுத்துக் கொடுத்து வெறுத்துப்போனபோது, இரண்டு முட்டையைக் கால் தம்ளர் பாலோடு அடித்து, மிளகு உப்பு போட்டு, இட்லித் தட்டில் எண்ணெய் தடவி ஊற்றி ஆவியில் வைத்தோம். நாலு குழியில் வரும், குழிக்கு மூன்றரை கிராம். பஞ்சு மாதிரி இருக்கும். தயிரை வெள்ளைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஒரு வடிகட்டியின் மேல் வைத்துவிட்டால் தண்ணீர் வடிந்து, அதே அளவுக் கிண்ணத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு புரதம் இருக்கும். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் ஒரு மேசைக்கரண்டியில் 3 கிராம் புரதம் இருக்கிறது, பாலிலோ தயிரிலோ கலந்தால் தெரியவே தெரியாது, விலையும் குறைவு.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உறவினர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். சூடாகக் குடிக்க நன்றாக இருக்கும், நீர்ச்சத்துக்கு உதவும். அதில் உள்ள புரதம் பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது எலும்பு மூட்டிலிருந்து கரைந்து வருவது. உடம்பால் தானே தயாரித்துக்கொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களில் (புரதத்தைக் கட்டும் சின்னச் சின்னத் துண்டுகள் இவை) டிரிப்டோபேன் என்பது அதில் அறவே இல்லை. எனவே அதை 65 கிராம் கணக்கில் சேர்க்காதீர்கள். கடையில் ‘கொலாஜன்’ என்று விற்கும் பவுடருக்கும் இதே கதைதான்.

சைவமாக இருப்பவர்கள் என்ன செய்வது?

முடியும். கொஞ்சம் கூடுதலாகத் திட்டமிட வேண்டும். பருப்பில் மட்டும் 65-ஐ எட்ட நினைத்தால் நடக்காது, கெட்டிப் பருப்பு கிட்டத்தட்ட ஒரு கிலோ சாப்பிட வேண்டிவரும். சைவத்தில் நம்பிக்கையான ஆட்கள் பாலும் அதிலிருந்து வருபவையும், அப்புறம் மீல்மேக்கர். காய்ந்த மீல்மேக்கரில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். 15 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, 8 கிராம் தரும். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் கொத்துக்கறி மாதிரி ஆக்கிச் செய்தால் மெல்லுவது சுலபம். நாள் முழுக்கப் பால் 300 மில்லி 10, புரோட்டீன் பவுடர் ஒரு கரண்டி 24, பன்னீர் 60 கிராம் 11, மீல்மேக்கர் 8, கெட்டிப் பருப்பு 100 கிராம் 7, கட்டித் தயிர் ஒரு கிண்ணம் 5. ஆக 65. பருப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பும், எனவே பருப்போடு அந்த ஒரு கரண்டி சோறு இருப்பதில் தப்பில்லை. பொட்டுக்கடலையைப் பொடித்துக் கூட்டில் தூவலாம். வேர்க்கடலையில் புரதம் இருந்தாலும் கொழுப்பு அதைவிட அதிகம், அளவோடு.

பவுடர் தேவையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் இரண்டு வாரம், திரவ உணவு மட்டும் என்ற கட்டத்தில், அது இல்லாமல் எண்ணை எட்டுவது மிகக் கடினம். அதன் பிறகு கூழ், மென்மையான உணவு, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சாதாரண உணவு என்று நகர நகரப் பவுடரின் பங்கைக் குறைத்துக்கொண்டே வரலாம். வாங்கும்போது டப்பாவின் முன்பக்க எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள்: ஒரு கரண்டி எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை, சர்க்கரை எத்தனை. நல்ல வே புரோட்டீனில் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) 30 கிராம் கரண்டிக்கு 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். ‘சத்து பானம்’ என்று நாம் சின்ன வயதிலிருந்து குடிக்கும் மால்ட் பொடிகளில் 100 கிராமுக்கே 10 கிராமை ஒட்டித்தான் புரதம், மிச்சம் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும். பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கினால் வியர்த்து, படபடத்து, மயக்கம் வருவதுபோல் ஆகும், அவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, வயிற்றாலே போகிறது என்பவர்கள் (அறுவைக்குப் பிறகு புதிதாகவே சிலருக்கு இது வரும்) ‘ஐசோலேட்’ வகை கேட்டு வாங்கலாம், அதில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை மிகக் குறைவு. கொதிக்கிற பாலில் பவுடரைப் போடாதீர்கள், திரிந்து கட்டி கட்டியாகிவிடும். ஆறவிட்டுக் கலக்க வேண்டும்.

புரதத்தை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் தசை நிற்காது, அதற்கு வேலையும் கொடுக்க வேண்டும். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு அக்கா செய்தது இவ்வளவுதான்: சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது, காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. கூடவே நடை. ஆறாம் மாதம் தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தாள்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றால், எழுந்து நடக்கவே முடியாத சோர்வு என்றால், காயம் ஆறாமல் இழுத்தால், காத்திருக்க வேண்டாம். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள், டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டியது, ஆனால் அது பல சமயம் தாமதமாகத்தான் இறங்கும், ஆல்புமின் சரியாக இருக்கிறது என்பதற்காகச் சாப்பாட்டுக் கணக்கை விட்டுவிட முடியாது. வாந்தி இரண்டு மூன்று நாளாக நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அது புரதத்தைவிட அவசரம். தயமின் என்கிற பி1 வைட்டமின் சீக்கிரம் தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் பாதிக்கும், ‘ஆபரேஷன் பண்ணினா வாந்தி வரத்தான் செய்யும்’ என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. சிறுநீரகத்தில் ஏற்கெனவே பிரச்சினை இருப்பவர்கள், குறிப்பாகப் பல வருடச் சர்க்கரை நோயாளிகள், இங்கே சொன்ன எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளாமல் தங்கள் டாக்டர் சொல்லும் அளவை மட்டும் பின்பற்ற வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் தனிக் கணக்கு. புரதம் சரியாகப் போகிறது என்று அவற்றை நிறுத்திவிட முடியாது.

அடுத்த முறை டயட்டீஷியனிடம் போகும்போது, முந்தைய மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினோம், அம்மா பென்சிலால் பக்கத்தில் கிராம் போட்டுவிடுவார். மீன்காரம்மாவிடம் பேரம் பேசும்போதே ‘இதுல ஒரு துண்டு பன்னெண்டு கிராம் வரும்’ என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. அக்கா 71 கிலோ. ஒரு வேளைக்கு, அறுவை முடிந்த புதிதில் சாப்பிட்டதைவிட இரண்டு மடங்கு சாப்பிட முடிகிறது, பவுடரை நிறுத்தி ஆறு மாதம் ஆகிவிட்டது, கல்யாண வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இலையில் சோறு விழுவதற்கு முன் பொரித்த மீனை எடுத்து வைத்துக்கொள்கிறாள். 65 மட்டும் அப்படியே இருக்கிறது.